நோய் வருமுன் பயிரை விழிக்க வைக்கும் பாக்டீரியா: நீலகிரி, பழனி மலை விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த ஊர் உரக்கடைக்குப் போனாலும் இன்று சூடோமோனாஸ் பாக்கெட் கிடைக்கிறது. வாங்கிப் போகிற பலர் அதைப் பூஞ்சண மருந்தின் இன்னொரு வகை என்றே நினைக்கிறார்கள். உருளையில் கருகல் விழுந்த பிறகு எடுத்து அடித்துவிட்டு, “பவுடர் பிடிக்கவில்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தூளின் மேல் தப்பில்லை, கொடுத்த நேரம்தான் தப்பு. எப்போது, எங்கே, எவ்வளவு கொடுக்க வேண்டும், எதைச் செய்தால் கெட்டுப்போகும் என்பதற்கான பதில்கள் கீழே இருக்கின்றன.

சூடோமோனாஸ் மருந்தா, உரமா?

இரண்டும் இல்லை, அது உயிர். வேரை ஒட்டி வாழ்ந்து, வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்று பெருகும் மண் பாக்டீரியா. முழுப்பெயர் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். பாக்கெட்டில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூள் டால்க். பாக்டீரியாவைச் சுமந்து வருவது மட்டுமே அதன் வேலை. உயிர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதி எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கிவிடும்.

நோய்க் கிருமியைக் கொல்லாமல் நோய் எப்படிக் குறையும்?

கொஞ்சம் கொல்லவும் செய்கிறது. சில ரகங்கள் பூஞ்சணத்துக்கு ஆகாத பொருட்களைச் சுரக்கும். மண்ணில் உள்ள இரும்புச்சத்தைக் கவ்விக்கொண்டு கிருமியைப் பட்டினி போடும் ரகங்களும் உண்டு. ஆனால் அதன் பெரிய வேலை இவை இரண்டுமல்ல. செடியின் சொந்தத் தற்காப்பைத் தூண்டிவிடுவதுதான்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய சோதனைகளில் ஒன்று நீலகிரிப் பசுமைக்குடில்காரர்களுக்கு நெருக்கமான பயிரில்தான் நடந்தது. 1991-இல் நெதர்லாந்தில் கார்னேஷன் செடியின் வேருக்கு மட்டும் சூடோமோனாஸ் கொடுத்தார்கள். வாடல் நோய்ப் பூஞ்சணத்தைத் தண்டுக்குள் செலுத்தினார்கள். பாக்டீரியா கீழே வேரில், பூஞ்சணம் மேலே தண்டில். இரண்டும் சந்திக்கவே இல்லை, ஆனாலும் வாடல் குறைந்தது. நேருக்கு நேர் மோதாமலே நோய் குறைந்தது என்றால் நடுவில் வேலை செய்தது செடிதான். அதே ஆண்டில் வெள்ளரியிலும் பீன்ஸிலும் வேறு நாட்டு ஆய்வாளர்கள் இதே முடிவுக்கு வந்தார்கள். வேர் வழியாகச் செடி முழுவதும் பரவும் இந்தத் தூண்டலைத் ‘தூண்டப்பட்ட ஊடுருவிய எதிர்ப்புத்திறன்’ என்று சொல்கிறோம்.

செடிக்குள் அப்படி என்னதான் மாறுகிறது?

காட்டெருமையும் பன்றியும் இறங்கும் தோட்டத்தில் இரவுக் காவலுக்கு ஆள் போடுகிறோம். காவலாள் தூங்கிக்கொண்டிருந்தால் சத்தம் கேட்டு எழுந்து, டார்ச்சைத் தேடி, தகரத்தை எடுப்பதற்குள் பாத்தி போய்விடும். டார்ச்சும் தகரமும் கையில், கண் விழித்தபடி உட்கார்ந்திருந்தால் வேலியிலேயே விரட்டிவிடலாம். இரண்டு இடத்திலும் ஆள் ஒருவர்தான். விழித்திருப்பதில்தான் வித்தியாசம்.

வேரில் குடியேறிய பாக்டீரியாவின் நீந்து இழை, மேலுறைப் பொருள், அது சுரக்கும் சில வேதிகள் ஆகியவற்றை வேர் அடையாளம் கண்டுகொள்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற இரண்டு செய்திப் பொருட்களைச் சார்ந்த பாதையில் தகவல் மேலே இலைவரை போகிறது. அப்போதே செடி பெரிய அளவில் எதையும் உற்பத்தி செய்துவிடுவதில்லை, தயாராக நிற்கிறது. கிருமி இலையில் இறங்கியதும் பெராக்சிடேஸ், பாலிஃபீனால் ஆக்சிடேஸ், கைட்டினேஸ் போன்ற நொதிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கின்றன. தாக்கிய இடத்தில் செல்சுவர் தடிக்கிறது, ஃபீனால் பொருட்கள் சேர்கின்றன. முன்கூட்டியே எல்லாவற்றையும் உற்பத்தி செய்து வைத்தால் வளர்ச்சிக்கான சத்து அதில் போய் மகசூல் குறையும். தயார்நிலையில் மட்டும் நிற்பதால் செடிக்கு ஆகும் செலவு சொற்பம்.

இதற்கு நாள் பிடிக்கும். பாக்டீரியா வேரில் பரவி, செடி தயாராவதற்குச் சில நாளிலிருந்து ஒரு வாரம்வரை கணக்கு வையுங்கள். நோய் வந்தபின் கொடுப்பது ஏன் வீண் என்பதற்கு இதுவே காரணம்.

சூடோமோனாஸா, பேசில்லஸா? எங்கள் தோட்டத்துக்கு எது?

உயரத்தைப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்கள் போன்ற குளிர்ந்த இடங்களுக்குச் சூடோமோனாஸ். குளிர்மண்ணிலும் அது வளரும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு மண் பாக்டீரியா வெதுவெதுப்பை விரும்புவது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கோத்தகிரியின் தாழ்ந்த பகுதிகளில் அது நன்றாகவே வேலை செய்யும்.

பேசில்லஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அது விதைபோன்ற கடினமான உறக்கநிலைக்குப் போகக்கூடியது, அதனால் பாக்கெட்டில் நீண்டநாள் தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை. டால்க்கில் நாளாக ஆக எண்ணிக்கை சரிந்துகொண்டே வரும். தயாரித்து நான்கு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

பாக்கெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தயாரித்த தேதியை முதலில் பாருங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம். 1 கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்று அச்சிட்டிருக்க வேண்டும். 1×10⁸, அதாவது 10 கோடிக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ரகத்தின் பெயரும் இருக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 ரகம் நம் மாநிலத்தில் நீண்டகாலமாகச் சோதிக்கப்பட்டது. தூள் லேசான ஈரத்தோடு இருப்பதுதான் சரி, ஈரம் முழுதும் போனால் பாக்டீரியா செத்துவிடும். கட்டி பிடித்து நாற்றம் வந்தாலோ கறுப்பாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அது எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ மதிய வெயிலில் வண்டி மேல் கிடந்து வந்த மூட்டையில், மலை ஏறுவதற்குள்ளேயே பெரும்பகுதி இறந்திருக்கலாம். வாங்கிய பிறகு நம் மலைக் குளிரே போதுமான பாதுகாப்பு. தகரக் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள்.

வீட்டிலேயே வெல்லம் போட்டு டிரம்மில் பெருக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். சூடோமோனாஸுக்குக் காற்று வேண்டும். மூடிய டிரம்மில் வெல்லத் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் காற்றில்லாமல் போய் நொதித்துப் புளிக்கும். அதில் பெருகுவது நொதியங்களும் புளிப்புப் பாக்டீரியாக்களும்தான், நாம் போட்டது அல்ல. ஆய்வகத்தில் தூய வளர்ப்பூடகத்தில், குலுக்கிக்கொண்டே, 48 மணி நேரம் வளர்க்கிறார்கள். பிறகு 1 கிலோ டால்க்குக்கு 400 மில்லி வளர்ப்புத் திரவம், அமிலத்தன்மையைச் சமன்செய்ய 15 கிராம் கால்சியம் கார்பனேட், ஒட்டுவதற்கு 10 கிராம் சி.எம்.சி. பசைப்பொருள் என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். அதை டிரம்மில் கொண்டுவர முடியாது.

பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. அதே குடும்பத்தில் மனிதருக்குப் புண்ணிலும் நுரையீரலிலும் தொற்று உண்டாக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இனம் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. எங்கிருந்தோ எடுத்த மண்ணையோ கரைசலையோ தாய்க் கலவையாக வைத்துப் பெருக்குவது ஆபத்து.

தொழு உரத்தில் பெருக்கலாம், அது வேறு விஷயம். நன்றாக மக்கி ஆறிய தொழு உரம் 100 கிலோவுக்கு 1 கிலோ தூள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. அந்த ஈரப்பதத்தில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடி, நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். தாண்டிக்குடி உயரத்தில் 15 நாள் போதும். ஊட்டியில் மார்கழி, தை என்றால் கூடுதலாக ஒரு வாரம் விடுங்கள். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக்கூடாது. தெரிந்தால் உரம் இன்னும் மக்கவில்லை, அந்தச் சூட்டில் சூடோமோனாஸ் தாங்காது. புதிய கோழி எருவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சூடும் அம்மோனியாவும் சேர்ந்து கொன்றுவிடும்.

ஏக்கருக்கு 1 கிலோ தூவினால் போதாதா? விதை நேர்த்தி எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிராமில் 25 கோடி என்று நல்ல தரமான தூளையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோவில் 25,000 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மேல்மண் ஏறக்குறைய 700 டன். பரவலாகத் தூவினால் 1 கிராம் மண்ணுக்குச் சுமார் 350 பாக்டீரியாதான் வரும். அங்கே ஏற்கெனவே கோடிக்கணக்கில் மற்ற நுண்ணுயிர்கள் உட்கார்ந்திருக்கின்றன. செடியின் தற்காப்பு தூண்டப்பட வேண்டுமானால் 1 கிராம் வேரில் சுமார் 1 லட்சம் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று நெதர்லாந்தில் முள்ளங்கியில் செய்த ஆய்வு காட்டியது. வெறும் தூவலில் அந்த எண்ணிக்கைக்கு எட்டுவது கடினம்.

இப்போது கேரட் விதையைப் பாருங்கள். கிலோவுக்கு 10 கிராம் தூள். ஒரு கிலோவில் சுமார் 8 லட்சம் விதை. ஒரு விதைக்கு 3,000 பாக்டீரியா, அதுவும் முளைவேர் எட்டிப்பார்க்கிற வாசலிலேயே. வேர் நீள நீள அதன் கசிவைத் தின்று கூடவே பெருகும். முதலில் குடியேறியவருக்கே இடம். அதனால் விதை நேர்த்தி முதலில், வாய்க்காலில் இடுவது அடுத்தது, இலைத் தெளிப்பு கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பயிர்வாரியாக எப்படிச் செய்வது?

உருளைக்கிழங்கு: 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ தூள். விதைக்கிழங்கைக் கூடையிலோ வலைப்பையிலோ வைத்து 30 நிமிடம் முக்கி, நிழலில் உலர்த்தி அன்றே நடுங்கள். டால்க் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு கூடைக்கும் முன் கரைசலைக் கலக்கிவிட வேண்டும். கலக்காவிட்டால் முதல் கூடைக்கே எல்லாம் போய்விடும். முளை ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கிழங்காகவே நடுங்கள், வெட்டிய முகம் வாடல் கிருமிக்கு வாசல். நடும்போது மேலே சொன்ன தொழு உரக் கலவையை வாய்க்காலில், கிழங்குக்குக் கீழே படும்படி போடுங்கள். மண் அணைக்கும்போது இன்னொரு முறை.

கேரட்: ஆறிய அரிசிக் கஞ்சியை விதை நனையும் அளவுக்கு மட்டும் தெளித்துப் புரட்டி, தூளைச் சேர்த்து, அரைமணி நிழலில் உலர்த்துங்கள். இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறம் பூசிய வீரிய ரக விதை என்றால் மேலே பூஞ்சண மருந்து இருக்கிறது என்று பொருள். அதன்மேல் பாக்டீரியாவைப் பூசாதீர்கள். விதைக்கும் வரிசையில் மண்ணில் இடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர்: குழித்தட்டு நிரப்பும் கலவையிலேயே கிலோவுக்கு 10 கிராம் கலந்துவிட்டால் நாற்று பாக்டீரியாவோடே வளர்ந்து வரும். பாத்தி நாற்று என்றால் பிடுங்கியதும் லிட்டருக்கு 10 கிராம் கரைசலில் வேரை 30 நிமிடம் நனைத்து நடுங்கள்.

மலைப்பூண்டு: பல் உடைத்த அன்றே கிலோவுக்கு 10 கிராம். பூண்டுத் தோல் வழுக்கும், கஞ்சி இல்லாமல் ஒட்டாது.

எங்கள் மண் புளிப்பு மண். அதில் பிழைக்குமா?

திணறும். நீலகிரி, கொடைக்கானல் மண்ணில் பி.எச். 5-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருப்பது சாதாரணம். சூடோமோனாஸுக்கு 6-இலிருந்து 7 வரை வசதி. மண் பரிசோதனை முடிவைப் பார்த்து டோலமைட்டோ சுண்ணாம்போ இடுங்கள். ஆனால் சுண்ணாம்பையும் பாக்டீரியாவையும் ஒரே வாரத்தில் போடக்கூடாது. சுண்ணாம்பு இட்டு, மழையோ பாசனமோ கிடைத்து, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் பாக்டீரியா. கோஸில் வேர் குண்டுகுண்டாக வீங்கும் நோய் உள்ள நிலத்தில் இது இன்னும் முக்கியம். அந்தக் கிருமிக்குப் புளிப்பு மண்தான் சொர்க்கம். மண்ணைச் சரிசெய்யாமல் சூடோமோனாஸை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தெளிக்கும்போது நாசில் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

நேராக டேங்கில் கொட்டுவதால் வரும் தொல்லை இது. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் கணக்கு. அதை ஒரு வாளியில் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரைமணி ஊறவிட்டு, காடாத்துணியில் வடிகட்டுங்கள். வடித்த பாலை டேங்கில் ஊற்றி நிரப்புங்கள். துணியில் தங்கிய மண்டியையும் வீணாக்காமல் செடி அடியில் போடுங்கள், அதிலும் பாக்டீரியா ஒட்டியிருக்கும். ஏக்கருக்கு 200 லிட்டர், 1 கிலோ. ஊற்று, ஓடைத் தண்ணீர் நல்லது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் என்றால் அகலமான பாத்திரத்தில் பிடித்து ஓர் இரவு திறந்து வையுங்கள், குளோரின் வெளியேறிவிடும்.

வெயிலின் புற ஊதாக்கதிர் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் மாலை 4 மணிக்கு மேல் தெளிப்பதுதான் பொது விதி. உறைபனிக் காலத்தில் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் மாலையில் நனைத்த இலை இரவில் உறைபனிக்கு இரையாகும். போதாததற்கு, சூடோமோனாஸ் குடும்பத்திலேயே சில ரகங்கள் பனிப்படிகம் உருவாக உதவுபவை. அந்த இரண்டு மாதமும் இலைத் தெளிப்பைத் தள்ளிவைத்து வேருக்கு மட்டும் கொடுங்கள். தெளித்தே ஆகவேண்டும் என்றால் பனி முழுக்க விலகிய பின், மேகமூட்டமான காலையில்.

எதோடு கலக்கலாம், எதோடு கூடாது?

டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களோடு தொழு உரத்தில் சேர்த்து இடலாம். தாமிர மருந்துகள், போர்டோ கலவை, ஸ்ட்ரெப்டோமைசின், பிளீச்சிங் பவுடர் ஆகிய நான்கும் பாக்டீரியாவுக்கு எமன். மற்ற பூஞ்சண மருந்துகளில் சில ஒத்துப்போகும், சில போகாது. ஒவ்வொன்றையும் நினைவில் வைப்பதைவிட, எந்த ரசாயனத் தெளிப்புக்கும் முன்னும் பின்னும் 7 முதல் 10 நாள் இடைவெளி விடுவது எளிது. முதல்நாள் தாமிரம் அடித்த டேங்கைக் கழுவாமல் சூடோமோனாஸ் ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம்தான்.

இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலனா?

இல்லை. வேர் எவ்வளவு உணவு கசிகிறதோ அவ்வளவு பாக்டீரியாதான் தங்கும். அந்தப் பணத்தில் தொழு உரம் வாங்குங்கள்.

கார்போகத்தில் உருளைக்குப் பின்கருகல் விழுந்துவிட்டது. இப்போது அடித்தால் நிற்குமா?

நிற்காது. விழுந்த கருகலைச் சூடோமோனாஸ் நிறுத்தாது. தென்மேற்கு மழையில், மூடுபனி விலகாமல், 10 முதல் 20 டிகிரிக்குள் குளிரும் இலையில் ஈரமும் நிற்கும் நாட்களில் பின்கருகல் ஒரு வாரத்தில் தோட்டத்தையே படுக்க வைத்துவிடும். அந்த நேரத்தில் பரிந்துரைத்த பூஞ்சண மருந்துதான் வழி, தயங்கி நாளைக் கடத்தாதீர்கள். விதைக்கிழங்கிலிருந்தே பாக்டீரியா கொடுத்து வந்த பயிரில் நோய் தொடங்குவது தள்ளிப்போகலாம், பரவுவதும் மெதுவாகலாம். அதனால் மருந்துத் தெளிப்பு ஒன்றிரண்டு குறைந்தால் அதுவே லாபம். கருகலைத் தாங்கும் ரகத்தோடு சேரும்போதுதான் இதன் பலன் தெளிவாகத் தெரியும்.

உருளையில் நூற்புழுவுக்கு உதவுமா?

துணையாக உதவும். உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஊட்டியில்தான், 1961-இல். அதன் கூடுகள் உருளை நடாத நிலத்திலும் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். வேரில் சூடோமோனாஸ் நிறைந்திருந்தால் குஞ்சுகள் உள்ளே நுழைவது குறைகிறது. ஆனால் முத்தோரை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழி வந்த குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா போன்ற எதிர்ப்பு ரகங்கள், கேரட், பூண்டு, கோஸ், பீன்ஸ் என்று பயிர் மாற்றுவது இரண்டும்தான் அடித்தளம். பாக்டீரியா அதன்மேல் சேர்வது.

செடி பச்சையாக இருக்கும்போதே வாடுகிறது. சூடோமோனாஸ் ஊற்றலாமா?

முதலில் எந்த வாடல் என்று பாருங்கள். வாடிய தண்டைத் தரையோரம் அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, அறுத்த முனை தண்ணீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்நூல்போல் வெள்ளையாக இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடிக்கு எதை ஊற்றியும் பயனில்லை. சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அகற்றுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மறியுங்கள், மண்வெட்டியைக் கழுவுங்கள். அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் சூடோமோனாஸை அந்த இடத்தில் இப்போது இடாதீர்கள். அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள்.

தேயிலைக் கொப்புள நோய்க்கு?

தேயிலையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. கொப்புள நோய் தாக்குவது இளந்தளிரை, நாம் கிள்ளி விற்பதும் அதே தளிரை. மருந்து எச்சம் பற்றிய கவலை இல்லாமல் தெளிக்கக்கூடியது என்பது சிறு தேயிலை விவசாயிக்குப் பெரிய நிம்மதி. பி.எஃப்.1 டால்க் தூளை 7 நாளுக்கு ஒருமுறை தெளித்த கள ஆய்வில் இரண்டு பருவமும் தொடர்ந்து நோய் குறைந்தது. அந்த 7 நாளில்தான் சூட்சுமம். வாரத்துக்கு வாரம் புதுத் தளிர் விரிகிறது, முந்திய தெளிப்பு அதன்மேல் விழுந்ததே இல்லை. இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தெரிவது நோயின் தொடக்கம். பள்ளமாகி, அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைத்துவிட்டால் வித்துகள் பறக்கத் தொடங்கிவிட்டன. மூடுபனி இறங்குமுன், மே மாதக் கடைசியிலேயே தொடங்குங்கள். தாமிர மருந்தும் இதுவும் மாறிமாறி என்று திட்டமிட்டால் தாமிரம் பாக்டீரியாவைத் துடைத்துவிடும். அந்தப் பருவத்துக்கு ஒரு பகுதித் தோட்டத்தில் இது, மறுபகுதியில் அது என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மலைவாழையில் முடிக்கொத்து நோய் வைரஸால் வருவது. அதற்குமா?

பழனி மலையின் விருப்பாட்சி வாழையை அழித்ததில் இந்த நோய்க்கு ஈடு வேறில்லை. வைரஸுக்கு மருந்தே இல்லை என்பதால் செடியின் தற்காப்பைத் தூண்டும் வழி இங்கே அக்கறையோடு ஆராயப்பட்டிருக்கிறது. வேரில் வாழும் சூடோமோனாஸையும், இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது விருப்பாட்சியில் முடிக்கொத்து குறைந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் செய்ய வேண்டிய வரிசை இது. வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்று அல்லது நோயே காணாத தாய்மரத்துக் கன்று. திசு வளர்ப்புக் கன்றுக்கு நிழல்குடிலில் பதப்படுத்தும்போதே வேரில் பாக்டீரியா. நடும் குழியில் தொழு உரத்தோடு மறுபடி. கொத்தாக நிமிர்ந்த இலையைக் கண்டால், முதலில் அசுவினியைக் கொன்று, பிறகு மரத்தைக் கிழங்கோடு அழியுங்கள். உயிருள்ள அசுவினியோடு மரத்தைச் சாய்த்தால் அவை பக்கத்து மரத்துக்கு நோயைச் சுமந்து போகும்.

கையாளுவதில் ஆபத்து உண்டா?

பதிவு பெற்ற சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் தூளால் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. டால்க் தூசு நெஞ்சுக்கு ஆகாது, கலக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். கையில் திறந்த புண் இருப்பவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த வேலையை மற்றவரிடம் விடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாக்டீரியா இருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். வேரைக் கழுவிய நீரைத் தட்டில் வளர்த்துப் புற ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பலன் இருக்கிறதா என்பதைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். நடுவில் நான்கு வரிசையை எதுவும் கொடுக்காமல் விடுங்கள். ஓரத்து வரிசை வேண்டாம், அங்கே காற்றும் ஈரமும் வேறு. குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். உரம், தண்ணீர், மற்ற மருந்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கொடுத்த பக்கத்தில் 50 செடி, கொடுக்காத பக்கத்தில் 50 செடி, வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் நோய்ப்புள்ளி உள்ள செடிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். அறுவடையில் இரண்டு பக்கத்தையும் தனித்தனி மூட்டையாகக் கட்டி எடை போடுங்கள். ஒரு போகத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால், பாக்கெட்டின் தேதி, மண்ணின் பி.எச்., கொடுத்த நாள் மூன்றையும் அதே நோட்டில் பார்த்துவிட்டு அடுத்த போகத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.